பழைய மசில் காருக்கு பவர்ஃபுல் இன்ஜின்... எந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செட் ஆகும்? - முழு விளக்கம்

அமெரிக்காவில் 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் வந்த கார்களுக்கு 'மசில் கார்' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. செவர்லே கமாரோ, செவல், ஃபோர்டு மஸ்டாங், பான்டியாக் ஜிடிஓ, டாட்ஜ் சார்ஜர்... ஹாலிவுட் படங்களில் டயர் புகையைக் கிளப்பிக்கொண்டு பறக்குமே, அதே கார்கள்தான். அரை நூற்றாண்டு கடந்த பிறகும் இவற்றை வாங்கி, இன்ஜினைப் பிரித்து, பழையதைவிட அதிக பவருடன் மறுபடி கட்டுவது அங்கே பெரிய பொழுதுபோக்கு. சிலருக்கு அதுவே தொழிலும்கூட.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பணமும் கவனமும் மொத்தமாக இன்ஜினுக்கே போய்விடும். புது பிஸ்டன், புது கேம்ஷாஃப்ட், பெரிய கார்புரேட்டர் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், கியர்பாக்ஸ் விஷயத்தில் "ஏற்கனவே இருக்கிறதே, அதையே மாட்டிக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். முதல் டெஸ்ட் டிரைவிலேயே கருகிய ஆயில் வாசனை வரும். கியர் விழும், கார் நகராது.

அப்படி ஆகாமல் இருக்க எதைப் பார்த்து கியர்பாக்ஸைத் தேர்வு செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆட்டோமேட்டிக் என்றால் எந்த ஆட்டோமேட்டிக்?

நம்ம ஊரில் பட்ஜெட் கார்களில் வரும் ஏஎம்டி என்பது உண்மையில் ஒரு மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஓட்டுநருக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. மசில் கார்களில் இருப்பது வேறு ரகம். அதில் கிளட்ச் பெடல் இல்லை. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே 'டார்க் கன்வெர்ட்டர்' என்ற பூசணிக்காய் வடிவ உருண்டை இருக்கும். அதற்குள் ஆயில் நிரம்பியிருக்கும்.

எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அந்தக் காற்றில் இன்னொன்றும் சுற்றும் அல்லவா? அதே கதைதான். இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். இன்ஜின் பக்கத்து விசிறி ஆயிலைத் தள்ள, கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி சுற்றுகிறது. நடுவில் 'ஸ்டேட்டர்' என்ற மூன்றாவது சக்கரம் ஆயிலின் திசையைத் திருப்பிவிடுவதால், கார் நின்ற இடத்தில் இருந்து கிளம்பும் நேரத்தில் இன்ஜினின் முறுக்குவிசை, அதாவது டார்க், ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை பெருகும்.

கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தட்டுகளும் பேண்டுகளும் இருக்கின்றன. எது எப்போது இறுக வேண்டும், எது விலக வேண்டும் என்பதை ஆயில் அழுத்தம் முடிவு செய்யும். அந்த அழுத்தம் குறைந்தால் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் சூடாகும். சூடானால் கருகும். இந்தக் கட்டுரையில் வரும் பெரும்பாலான பிரச்சினைகளுக்கு அடிப்படை இதுதான்.

முதல் கேள்வி: இன்ஜின் எவ்வளவு டார்க் தருகிறது?

எல்லோரும் குதிரைத்திறனைத்தான் பேசுவார்கள். ஆனால், கியர்பாக்ஸை உடைப்பது டார்க். கிளட்ச் தட்டுகளையும் ஷாஃப்ட்களையும் முறுக்குவது அந்த விசைதான்.

உதாரணத்துக்கு, 1970 செவர்லே செவல் எஸ்எஸ் காரில் வந்த 454 கன அங்குல (7.4 லிட்டர்) எல்எஸ்6 இன்ஜின். நிறுவனம் அறிவித்த கணக்கு 450 குதிரைத்திறன், 500 பவுண்டு-அடி டார்க். நம்ம கணக்கில் சுமார் 678 நியூட்டன் மீட்டர். அது கம்பெனியில் இருந்து வந்தபடியே. இன்று அதே இன்ஜினை மறுபடி கட்டுபவர்கள் அதைத் தாண்டிச் செல்வது சாதாரணம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் சொன்னது 'கிராஸ்' பவர். ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்றவை இல்லாமல், இன்ஜினை மேடையில் தனியாக வைத்து அளந்தது. 1972-ல் இருந்துதான் காரில் பொருத்திய நிலையை ஒட்டிய 'நெட்' கணக்கு வந்தது. அதனால் பழைய விளம்பரத் தாளைப் பார்த்து கியர்பாக்ஸ் தேர்வு செய்யக் கூடாது. இப்போது கட்டியிருக்கும் இன்ஜினின் அளவுதான் முக்கியம்.

டார்க் மட்டும் போதாது. காரின் எடை, டயரின் பிடிப்பு இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சாதாரண டயர் வழுக்கிவிட்டால் கியர்பாக்ஸ் தப்பித்துவிடும். ரேஸ் டயர் தரையை இறுக்கிப் பிடித்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் கியர்பாக்ஸுக்குத்தான் திரும்பும்.

களத்தில் யார் யார்?

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி கியர்பாக்ஸ் குடும்பம் உண்டு. பெயர்கள் குழப்பமாக இருந்தாலும் முக்கியமானவை இவ்வளவுதான்.

ஜெனரல் மோட்டார்ஸ்

• பவர்கிளைட்: 1950-ல் செவர்லே அறிமுகப்படுத்தியது. இரண்டே கியர். 1962-ல் அலுமினியக் கூடு வந்தது. எடை குறைவு, உள்ளே சுற்றும் பாகங்களும் குறைவு. அதனால்தான் டிராக் ரேஸில் இன்றைக்கும் இதற்கு மவுசு. தினசரி ஓட்டுவதற்கு இரண்டு கியர் போதாது.

• டர்போ 400: 1964-ல் வந்தது. மூன்று கியர். விகிதம் 2.48, 1.48, 1.00. கனமான, முரட்டுத்தனமான கியர்பாக்ஸ். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களோடு நிற்காமல் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ, ஃபெராரி 400 ஆட்டோமேட்டிக் வரை போனது என்றால் இதன் தரம் புரியும்.

• டர்போ 350: 1969-ல் வந்தது. மூன்று கியர். 2.52, 1.52, 1.00. டர்போ 400-ஐவிடச் சிறியது, இலகுவானது. நடுத்தர பவர் கொண்ட ஸ்மால் பிளாக் இன்ஜினுக்கு நல்ல ஜோடி.

• 200-4ஆர்: 1981-ல் வந்தது. நான்கு கியர். 2.74, 1.57, 1.00, 0.67. ப்யூக் கிராண்ட் நேஷனல் டர்போ காரில் வந்து பெயர் வாங்கியது.

• 700ஆர்4: 1982 மாடல்களில் வந்தது. நான்கு கியர். 3.06, 1.63, 1.00, 0.70. இதன் பெயர்தான் பின்னர் 4எல்60 ஆனது. கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வந்ததும் 4எல்60ஈ ஆனது.

• 4எல்80ஈ: 1991-ல் வந்தது. டர்போ 400-இன் வாரிசு. 2.48, 1.48, 1.00 என்ற அதே விகிதங்களுடன் 0.75 ஓவர்டிரைவ் கூடுதல். இயக்க கம்ப்யூட்டர் கட்டாயம்.

4எல்80ஈ என்ற பெயருக்கும் அர்த்தம் உண்டு. 4 என்றால் நான்கு முன் கியர். எல் என்றால் இன்ஜின் நீளவாக்கில் இருக்கும் கார். 80 என்பது தாங்கும் வலிமையின் வரிசை எண். ஈ என்றால் எலக்ட்ரானிக். 60-ஐவிட 80 அதிகம் தாங்கும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

ஃபோர்டு

• சி4: 1964-ல் வந்தது. மூன்று கியர். இலகுவானது. ஸ்மால் பிளாக் மஸ்டாங்குகளுக்குப் பொருத்தம்.

• சி6: 1966-ல் வந்தது. மூன்று கியர். பெரிய இன்ஜின்களுக்கானது. உறுதி அதிகம், ஆனால் தன்னைச் சுற்றவைக்கவே கணிசமான பவரை விழுங்கும்.

• ஏஓடி: 1980-ல் வந்தது. நான்கு கியர், கடைசி கியர் 0.67. ஓவர்டிரைவில் டார்க் முழுவதும் மெல்லிய உள் ஷாஃப்ட் வழியாகப் போவதால், அதிக பவர் இன்ஜினுக்கு அதை வலுவான ஷாஃப்ட்டாக மாற்றுவது வழக்கம்.

கிறைஸ்லர்

• டார்க்ஃபிளைட் 904: 1960-ல் வந்தது. சிறிய இன்ஜின்களுக்கானது.

• டார்க்ஃபிளைட் 727: 1962-ல் வந்தது. மூன்று கியர். 2.45, 1.45, 1.00. புகழ்பெற்ற 426 ஹெமி இன்ஜினுக்கு ஆட்டோமேட்டிக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது இதுதான்.

• ஏ518: 727-ஐ அடிப்படையாகக் கொண்டு பின்னால் ஓவர்டிரைவ் சேர்த்தது. நீளமும் பருமனும் அதிகம் என்பதால் பழைய கார்களில் தரைத் தகட்டை வெட்டித்தான் பொருத்த வேண்டியிருக்கும்.

மூன்று கியரா, நான்கு கியரா?

இதுதான் பலரும் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி. ஒரு சின்னக் கணக்கு போட்டால் விடை கிடைத்துவிடும்.

1969 கமாரோ ஒன்று. டயர் உயரம் 26 அங்குலம். பின் ஆக்சில் ரேஷியோ 3.73. மூன்று கியர் பெட்டியில் கடைசி கியர் 1.00. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது இன்ஜின் கிட்டத்தட்ட 3,000 ஆர்பிஎம்-ல் கத்திக்கொண்டிருக்கும். அதே காரில் 700ஆர்4 போட்டு நான்காவது கியரில் போனால் சுமார் 2,100 ஆர்பிஎம். 4எல்80ஈ என்றால் சுமார் 2,250.

900 ஆர்பிஎம் வித்தியாசம் கேட்கச் சின்னதாகத் தெரியும். நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் ஓட்டினால் தெரியும். சத்தம் குறையும், பெட்ரோல் குறையும், இன்ஜின் சூடும் தேய்மானமும் குறையும்.

இனி கிளம்பும் வேகம். முதல் கியர் விகிதத்தை ஆக்சில் விகிதத்தால் பெருக்க வேண்டும். டர்போ 350-இல் 2.52 x 3.73 = 9.40. 700ஆர்4-இல் 3.06 x 3.08 = 9.42. அதாவது, 700ஆர்4 இருந்தால் 3.08 என்ற 'சாதுவான' ஆக்சிலை வைத்தே, டர்போ 350 - 3.73 ஜோடி தரும் அதே பாய்ச்சலைப் பெறலாம்.

அப்படின்னா 3.08 ஆக்சிலே போதுமா? அங்கேதான் அடுத்த சிக்கல். 3.08 ஆக்சிலுடன் ஓவர்டிரைவில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இன்ஜின் சுமார் 1,730 ஆர்பிஎம்-ல்தான் சுற்றும். ரேஸுக்கான பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜின் 2,000-க்குக் கீழே சரியாக மூச்சு விடாது. திணறும், உதறும். எனவே, அப்படிப்பட்ட இன்ஜினுக்கு ஓவர்டிரைவ் கியர்பாக்ஸோடு 3.73 போன்ற ஆக்சில்தான் சரி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 700ஆர்4-இல் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் இடைவெளி பெரியது. 6,000 ஆர்பிஎம்-ல் கியர் மாறினால் இன்ஜின் சுமார் 3,200-க்கு விழும். டர்போ 400-இல் சுமார் 3,580-க்குத்தான் விழும். 200-4ஆர்-இல் சுமார் 3,440. உயர் ஆர்பிஎம்-ல் மட்டுமே பவர் தரும் இன்ஜினுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். விழும் இடத்தில் இன்ஜினுக்கு பலம் இல்லையென்றால் கார் ஒரு நொடி சோர்ந்துவிடும்.

டார்க் கன்வெர்ட்டர்: 'ஸ்டால்' என்றால் என்ன?

கியர்பாக்ஸை மட்டும் தேர்வு செய்தால் பாதி வேலைதான் முடிந்தது. கன்வெர்ட்டரைத் தேர்வு செய்வது மீதிப் பாதி.

காரை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால், இன்ஜின் எந்த ஆர்பிஎம் வரை ஏற முடியுமோ அதுதான் 'ஸ்டால் ஸ்பீடு'. சாதாரண கார்களில் இது 1,500 முதல் 2,000 வரை இருக்கும். பெரிய கேம் போட்ட இன்ஜினுக்கு அது போதாது. அந்த இன்ஜின் 2,500-க்கு மேல்தான் விழித்துக்கொள்ளும் என்றால், கன்வெர்ட்டரும் அதுவரை ஏற விட வேண்டும். இல்லாவிட்டால் சிக்னலில் கியரில் நிற்கும்போதே இன்ஜின் அணைந்துபோகும், கிளம்பும்போது இழுக்காது.

அதற்காக சும்மா 4,000 ஸ்டால் வாங்கி மாட்டினால் ஊருக்குள் ஓட்ட முடியாது. ஆக்சிலரேட்டர் மிதிப்பீர்கள், சத்தம் வரும், கார் மெதுவாகவே நகரும். அந்த வழுக்கல் முழுவதும் ஆயிலில் சூடாக மாறும்.

முக்கியமான விஷயம்: ஸ்டால் என்பது கன்வெர்ட்டரில் பொறித்த நிலையான எண் அல்ல. அதே கன்வெர்ட்டர் அதிக டார்க் தரும் இன்ஜினில் அதிக ஸ்டால் காட்டும், குறைந்த டார்க் இன்ஜினில் குறைவாகக் காட்டும். அதனால் கன்வெர்ட்டர் வாங்கும்போது கேம்ஷாஃப்ட் விவரம், காரின் எடை, ஆக்சில் ரேஷியோ, டயர் உயரம் நான்கையும் விற்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இவற்றைக் கேட்காமல் கன்வெர்ட்டர் விற்கும் கடையில் வாங்காமல் இருப்பதே நல்லது.

700ஆர்4, 200-4ஆர், 4எல்80ஈ போன்றவற்றில் 'லாக்-அப்' வசதி உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு கிளட்ச் இரண்டு பக்கத்தையும் பூட்டிவிடும். வழுக்கல் நின்றுவிடும், சூடும் குறையும். அதிக ஸ்டால் கன்வெர்ட்டரோடு நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய வரம்.

ஒரு கேபிள் கியர்பாக்ஸையே எரித்துவிடுமா?

எரித்துவிடும். 700ஆர்4, 200-4ஆர் இரண்டிலும் கார்புரேட்டரில் இருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். டிவி கேபிள் என்பார்கள். தொலைக்காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'த்ராட்டில் வால்வ்' என்பதன் சுருக்கம். இதை வெறும் கியர் மாற்றும் கேபிள் என்று நினைத்து ஏனோதானோவென்று மாட்டுபவர்கள்தான் அதிகம்.

உண்மையில் ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கியர்பாக்ஸுக்குச் சொல்வது இந்தக் கேபிள்தான். அதைப் பொறுத்துத்தான் ஆயில் அழுத்தம் கூடும், குறையும். கேபிள் தளர்வாக இருந்தால், இன்ஜின் முழு பலத்தில் முறுக்கும்போதும் "லேசாகத்தான் ஓட்டுகிறார்கள்" என்று கியர்பாக்ஸ் நினைத்துக்கொள்ளும். அழுத்தம் குறைவு. தட்டுகள் வழுக்கும். புதிதாகக் கட்டிய கியர்பாக்ஸ்கூட சில கிலோமீட்டரிலேயே கருகிவிடும்.

கம்பெனி கார்புரேட்டரை எடுத்துவிட்டு வேறு கார்புரேட்டர் போடும்போது கேபிள் இழுபடும் கோணம் மாறும். அதற்கான சரியான பிராக்கெட் போட்டு, ஆக்சிலரேட்டர் முழுவதும் மிதிக்கும்போது கேபிளும் முழுவதும் இழுபடுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

டர்போ 350, டர்போ 400 இரண்டிலும் இந்த வேலையை 'வேக்குவம் மாடுலேட்டர்' செய்கிறது. இன்ஜினின் உறிஞ்சு விசையை வைத்து சுமையை அளக்கும். பெரிய கேம் போட்ட இன்ஜினில் ஐட்லிங்கில் வேக்குவம் குறைவாக இருக்கும். அதை மாடுலேட்டர் "அதிக சுமை" என்று புரிந்துகொள்ளும். விளைவு, கியர் தாமதமாகவும் குத்தலாகவும் விழும். இதில் கியர்பாக்ஸ் கெடாது, ஆனால் ஓட்டுவது எரிச்சல். அட்ஜஸ்ட் செய்யக்கூடிய மாடுலேட்டர் போட்டால் தீரும்.

4எல்60ஈ, 4எல்80ஈ என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஆனால், தனி கம்ப்யூட்டரும், கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் நிலையை அறியும் சென்சாரும் வேண்டும். அந்தச் செலவையும் வயரிங் வேலையையும் முதலிலேயே பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

காருக்குள் உட்காருமா?

வாங்கிய பிறகு "பொருந்தவில்லை" என்று தெரிவது கொடுமை. முன்கூட்டியே பார்க்க வேண்டியவை:

• போல்ட் அமைப்பு: செவர்லே இன்ஜினின் பின்புற போல்ட் அமைப்பு வேறு. ப்யூக், ஓல்ட்ஸ்மொபைல், பான்டியாக் அமைப்பு வேறு. ஒரே ஜெனரல் மோட்டார்ஸ் என்றாலும் மாறி மாட்ட முடியாது. 200-4ஆர்-இல் பல கூடுகள் இரண்டுக்கும் பொருந்தும்படி வந்தன.

• ஃபிளெக்ஸ்பிளேட்: செவர்லேயில் 153 பல், 168 பல் என இரண்டு அளவு. ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதற்கேற்ப இருக்க வேண்டும். 454 போன்ற இன்ஜின்களில் ஃபிளெக்ஸ்பிளேட்டே பேலன்ஸின் ஒரு பகுதி. தவறானதைப் போட்டால் இன்ஜின் நடுங்கியே வீணாகும்.

• நீளம்: டர்போ 350-ஐக் கழற்றிவிட்டு 700ஆர்4 போட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டிச் சுருக்க வேண்டும், தாங்கும் கிராஸ் மெம்பரையும் நகர்த்த வேண்டும். 200-4ஆர் நீளத்தில் குட்டை வால் டர்போ 350-க்குச் சமம் என்பதால் ஷாஃப்ட் வேலை மிச்சம். அதன் மவுண்ட் மட்டும் டர்போ 400-இன் இடத்தில் வரும்.

• ஸ்பீடோமீட்டர்: பழைய காரில் கேபிள். 4எல்80ஈ தருவது மின் சிக்னல். இடையில் ஒரு மாற்றி தேவைப்படும்.

பழைய இரும்புக் கடையில் வாங்குகிறீர்கள், விற்பவர் சொல்வதை எப்படி நம்புவது? அடிப்பகுதி ஆயில் பானின் போல்ட்களை எண்ணினாலே ஓரளவு தெரிந்துவிடும். பவர்கிளைட்டுக்கு 14, டர்போ 350-க்கும் 400-க்கும் 13, 700ஆர்4-க்கு 16, 4எல்80ஈ-க்கு 17. 13 போல்ட் உள்ள இரண்டில், ஒரு மூலை மட்டும் வெட்டியது போன்ற சதுர பான் என்றால் டர்போ 350. வடிவமே ஒழுங்கில்லாமல் வளைந்திருந்தால் டர்போ 400.

பெரிய எதிரி சூடுதான்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் சுமார் 80 டிகிரி செல்சியஸில் நிம்மதியாக இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லும் தோராயக் கணக்கு. ஆயில் கெட்டால் ரப்பர் சீல்கள் கெட்டிப்படும், அழுத்தம் கசியும், தட்டுகள் வழுக்கும், இன்னும் சூடாகும்.

அதனால் பவர் கூட்டிய இன்ஜினுக்கு ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் மட்டும் போதாது. காற்று படும் இடத்தில் தனியாக ஒரு கூலர் கட்டாயம். ஸ்டால் அதிகமாக இருந்தால் கூலரும் பெரிதாக இருக்க வேண்டும். ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று டேஷ்போர்டில் இருந்தால், பெரிய செலவு வரும் முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

மாட்டும்போது நடக்கும் தவறு எது?

கன்வெர்ட்டர் கியர்பாக்ஸுக்குள் முழுவதும் உட்காரவில்லை என்பதுதான். கன்வெர்ட்டரைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் அது படிப்படியாக இறங்கும். இரண்டு ஷாஃப்ட்களிலும் ஆயில் பம்பிலும் அது சேர வேண்டும். பம்பில் சேராமலேயே இன்ஜினோடு கியர்பாக்ஸை போல்ட் போட்டு இறுக்கினால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பம்ப் உடைந்துவிடும்.

பார்ப்பதற்கு எளிய வழி: கியர்பாக்ஸை இன்ஜினோடு ஒட்டி வைத்த பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபடி கழற்றுவதுதான் ஒரே வழி. போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்க்கலாம் என்று நினைக்கவே கூடாது.

உயிருக்கு ஆபத்து எங்கே?

செலவு ஒருபக்கம் இருக்கட்டும். இந்த விஷயங்களில் அலட்சியம் கூடாது.

ஒன்று, டார்க்ஃபிளைட் 727. இதில் முதல் கியரில் முழு பவரில் இருக்கும்போது உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் உடைந்தால், முன் டிரம் இன்ஜினைவிட வெகு வேகமாகச் சுற்றி வெடித்துச் சிதறலாம். கூட்டைப் பிளந்துகொண்டு துண்டுகள் வரும். ஓட்டுபவரின் கால் இருப்பது அதற்குப் பக்கத்தில்தான். டயரைச் சுற்றவிட்டுப் புகை கிளப்பும்போது திடீரென நியூட்ரலுக்கு மாற்றுவது இந்த ஆபத்தை அழைக்கும் செயல். ரேஸுக்குப் போகும் கார் என்றால் வலுவான டிரம்மும், கியர்பாக்ஸைச் சுற்றி கவசமும் அவசியம்.

இரண்டு, பார்க்கிங். 1970-களில் பல ஃபோர்டு ஆட்டோமேட்டிக் கார்கள் பார்க்கிங்கில் இருந்து ரிவர்ஸுக்கு நழுவுவதாக ஏராளமான புகார்கள் வந்தன. 1980-ல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கார்களைத் திரும்ப அழைப்பதற்குப் பதிலாக எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் உரிமையாளர்களுக்கு அனுப்பப்பட்டன. பழைய ஆட்டோமேட்டிக் எதுவாக இருந்தாலும் ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கக் கூடாது என்பதுதான் இதில் பாடம்.

மூன்று, கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்ச். வேறு கியர் லிவர் மாட்டும்போது இதை இணைக்காமல் விடுபவர்கள் உண்டு. 450 குதிரைத்திறன் காரில் அது விபத்துக்கு நேர் வழி.

சரி, எது பெஸ்ட்?

எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. காரை எதற்கு ஓட்டப் போகிறார்கள் என்பதுதான் முடிவு செய்யும்.

• வாரக் கடைசியில் ஊருக்குள் ஓட்டம், நடுத்தர பவர் ஸ்மால் பிளாக்: டர்போ 350 அல்லது ஃபோர்டில் சி4. எளிமை, பாகங்கள் எளிதில் கிடைக்கும், கெடுவதற்கு அதிகம் இல்லை.

• நெடுஞ்சாலையில் நீண்ட பயணம், கார்புரேட்டர் இன்ஜின், கம்ப்யூட்டர் வேண்டாம்: வலுவாகக் கட்டிய 200-4ஆர் அல்லது 700ஆர்4. 700ஆர்4 என்றால் 1987-க்குப் பிந்தையதைத் தேடுவது நல்லது. மூன்றாவது, நான்காவது கியருக்கான கிளட்ச் தட்டுகள் இதன் பலவீனமான இடம் என்பதால் அதை மேம்படுத்தியே கட்ட வேண்டும்.

• பிக் பிளாக் அல்லது டர்போ, சூப்பர்சார்ஜர் பொருத்திய இன்ஜின், நீண்ட பயணமும் வேண்டும்: 4எல்80ஈ. செலவும் எடையும் அதிகம், மன நிம்மதியும் அதிகம்.

• பிக் பிளாக், ரேஸும் கொஞ்சம் ரோடும்: டர்போ 400, ஃபோர்டில் சி6, கிறைஸ்லரில் 727.

• டிராக் ரேஸ் மட்டுமே: பவர்கிளைட்.

அசல் தன்மைக்கு மதிப்புள்ள அரிய கார் என்றால் இன்னொரு யோசனை. தரையை வெட்டியோ கிராஸ் மெம்பரை மாற்றியோ கியர்பாக்ஸைப் பொருத்தினால் காரின் சேகரிப்பு மதிப்பு குறையும். காரோடு வந்த அசல் கியர்பாக்ஸை விற்காமல் பத்திரமாக எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

வாங்கும் முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை

1. இப்போதைய இன்ஜினின் டார்க், எந்த ஆர்பிஎம்-ல்
2. கேம்ஷாஃப்ட் எந்த ஆர்பிஎம்-ல் வேலை செய்யத் தொடங்குகிறது
3. காரின் எடை
4. ஆக்சில் ரேஷியோ, டயர் உயரம்
5. 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் எவ்வளவு சுற்றினால் சரி
6. கியர்பாக்ஸ், கன்வெர்ட்டர், கூலர், கேபிள் அல்லது கம்ப்யூட்டர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் - ஐந்துக்கும் சேர்த்த மொத்தச் செலவு

இந்த ஆறுக்கும் பதில் எழுதிவிட்டால் கியர்பாக்ஸின் பெயர் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். வராவிட்டால், சந்தேகம் இருக்கும் இரண்டில் வலுவானதைத் தேர்வு செய்வதே பாதுகாப்பு. ஏனென்றால் இன்ஜின் பவரை நாளைக்கு இன்னும் கூட்டத் தோன்றும். அப்போது மறுபடி கியர்பாக்ஸுக்குச் செலவு செய்யாமல் தப்பிக்கலாம்.